போதகர் வாசித்த சீட்டு

ஸ்ரீவில்லிபுத்தூர்
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஹெப்சிபா அக்காவுக்கு,

தங்கை பிரிஸ்கில்லா எழுதுவது. நானும் பையனும் சுகம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அரைமணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதும் அக்கா தங்கை இந்த ஜில்லாவிலேயே நாம் இருவர்தான் இருப்போம். உன் தெருவுக்கு மட்டும் டவர் கிடைக்காத அதிசயத்தை யாரிடம் போய்ச் சொல்ல? போன் போட்டால் எடுக்கமாட்டாய். வாட்ஸ்அப்பில் எழுத்துக் குத்தப் பொறுமை இல்லை என்பாய். நல்லவேளை, எங்கள் கல்லூரி அலுவலகத்துக்குத் தினமும் வரும் மாரிசெல்வி உன் பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கிறாள். அவளுடைய சாப்பாட்டுப் பைதான் நமக்குத் தபால்பெட்டி.

விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் ஓர் அறக்கட்டளை ஆராய்ச்சிக்குப் புதிதாக நிதி கொடுக்கிறது. மற்ற நிதிகளுக்கெல்லாம் நிரந்தர வேலை இருக்கிறதா, வயது என்ன, படிப்பில் ஏன் இடைவெளி என்று கேட்பார்கள். இவர்கள் அந்தக் கேள்விகளையே எடுத்துவிட்டார்கள். என்னைப் போல வருஷக்கணக்கில் கௌரவ விரிவுரையாளராகவே காலம் தள்ளுகிறவள், பிள்ளை பெற்றதால் முனைவர் படிப்பை நடுவில் விட்டவள், இப்படி வாசலிலேயே நின்றுபோனவர்களுக்காகத்தான் ஆரம்பித்தார்களாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அந்தச் சம்பளமும் தருவார்கள். தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். படித்துவிட்டு உட்கார முடியாமல் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன்.

என் ஆராய்ச்சி உனக்குத் தெரியும். ஸ்பின்னிங் மில் இரைச்சல் அங்கே வேலை செய்யும் பெண்களின் காதை என்ன செய்கிறது என்பது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் ராத்திரி பகலாக எழுதிய திட்டம் எங்கள் துறைத்தலைவர் பொன்னுராஜ் சார் பெயரில் போனது. "கௌரவ விரிவுரையாளர் பேர்ல போட விதி இல்லம்மா" என்றார். விதி இல்லைதான். நிதி வந்தது, கருவி வாங்கினார்கள், அது இன்றைக்கும் அவருடைய பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. இந்த முறை என் பெயரிலேயே போடலாம். ஆனால் கல்லூரிக்கு ஆட்சேபம் இல்லை என்று அவர் கையெழுத்துப் போடவேண்டும். நேரம் பார்த்து, பக்குவமாகக் கேட்கவேண்டும். அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே. இது போனால் எனக்கு வேறு வழி இல்லை அக்கா.

உன்,
பிரிஸ்கில்லா


ராஜபாளையம்
17 ஆகஸ்ட் 2024

என் செல்லத் தங்கைக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். பையனுக்குச் சளி விட்டதா? கடிதத்தில் அதை எழுதக் காணோமே.

ஏட்டி, ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்க முடியவில்லையா? அறைக்குள் நடந்து நடந்து தரை தேய்ந்துவிடப் போகிறது. நீ சின்னப் பிள்ளையிலேயே பரீட்சை எழுதி முடித்த மறுநாளே பள்ளிக்கூட வாசலில் போய் நின்று மார்க் கேட்டவள். இந்த நிதி உனக்குத்தான் வரும். எனக்குச் சந்தேகமே இல்லை.

என் பாடு வழக்கம்போலத்தான். மில்லில் இந்த வாரம் நைட் ஷிப்ட். சர்ச் கொயரில் பாடுவதை விட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது, தொண்டை சரியில்லை என்று உனக்கு முன்பே சொன்னேன். உன் அத்தான் சர்ச்சுக்கு வருவதையே இரண்டு மாசமாக நிறுத்திவிட்டார். முழங்கால் வலியாம். டீக்கடைக்கு நடக்கும்போது மட்டும் அந்தக் கால் வலிப்பதில்லை. வீட்டில் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதும் குறைந்துபோனது. வேதத்தில் தலைமுடியில் பலம் இருந்த சாம்சனின் பெயரை வைத்த மனுஷனுக்கு முழங்காலிலா பலம் போகவேண்டும்? கேட்டால் எழுந்து போய்விடுகிறார். எனக்கு மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

உன் ரகசியத்தைப் பற்றிப் பயப்படாதே. சொல்லவேண்டிய ஒருவரிடம் மட்டும் சொல்வேன். அவர் ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறவர் இல்லை.

மாரிசெல்வி கையில் கொஞ்சம் மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புகிறேன். பாட்டிலைத் திருப்பி அனுப்பு.

அன்புடன்,
ஹெப்சிபா


ஸ்ரீவில்லிபுத்தூர்
11 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

நீ சுகமாகத்தான் இருப்பாய். நான் இல்லை.

இன்று காலை நல்ல நேரம் பார்த்து, பொன்னுராஜ் சார் காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, கடிதத்தை நீட்டினேன். அவர் அதைப் படிக்கக்கூட இல்லை. சிரித்தார். "உங்க அக்கா எனக்காக ஜெபம் பண்ணுதாகளாமே. என் மனசு இளகணும்னு. ராஜபாளையத்துல சபையே ஆமென் சொல்லிச்சாம். என் மனசு என்ன கல்லாம்மா?" என்றார். அவர் மனைவியின் அக்கா உங்கள் சபையாம். உன் ஜெபச் சீட்டைப் போதகர் மைக்கில் வாசித்தாராம். 'என் தங்கை பிரிஸ்கில்லாவுக்கு ஆராய்ச்சி நிதி கிடைக்கவும், அதற்குத் தடையாக இருக்கிற துறைத்தலைவர் மனம் இளகவும்.' ஒரு எழுத்து விடாமல் அவருக்கு மனப்பாடம். என் கடிதத்தை மடித்து மேசை டிராயருக்குள் போட்டு, "பாக்கலாம்மா" என்றார். அந்தப் பாக்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

சபை முழுக்கத் திரும்பி உன்னைப் பார்த்ததாம். நீ கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாயாம். ஒரு வார்த்தை எழுந்து சொல்லியிருக்கக் கூடாதா? அன்றைக்கே எனக்கு எழுதியிருக்கக் கூடாதா? முன்னாலேயே தெரிந்திருந்தால் அவரிடம் வேறு மாதிரிப் பேசியிருப்பேன். மூச்சு விடாதே என்றுதானே கேட்டேன். எனக்கு வயிறு எரிகிறது.

பிரிஸ்கில்லா


ராஜபாளையம்
14 செப்டம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

ஆண்டவர் உனக்குச் சமாதானம் தரட்டும். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சீட்டு எழுதிப் போட்டது உண்மை. நான் வாராவாரம் போடுகிறவள்தான். ஆனால் யாரோ உன்னிடம் கோள் மூட்டியிருக்கிறார்கள். எங்கள் சபையில் சீட்டை வாசிக்கிற வழக்கமே கிடையாது. பெட்டியைத் திறந்து, சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு போதகர் மௌனமாக ஜெபிப்பார். பழைய போதகர் ஐயா அப்படித்தான், மே மாசம் மாற்றலாகி வந்த புதியவரும் அப்படித்தான். நான் அன்றைக்குப் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். எல்லாரும் தலை கவிழ்ந்து கண்ணை மூடியிருந்தோம். யாரும் எதுவும் வாசிக்கவில்லை. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. அப்படி ஓர் அமைதி எனக்கு அந்த நேரத்தில்தான் கிடைக்கிறது. மில்லிலிருந்து நேராகப் போய் உட்கார்ந்தால் அதற்காகவே அழலாம் போல இருக்கும்.

நீ யார் சொன்னதை நம்புகிறாய்? அந்த ஆளையா, அங்கேயே உட்கார்ந்திருந்த உன் அக்காவையா?

அன்புடன்,
ஹெப்சிபா


ஸ்ரீவில்லிபுத்தூர்
22 செப்டம்பர் 2024

என் அன்பு அக்காவுக்கு,

சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? இதை உட்கார்ந்து, மெதுவாகப் படி.

நான் உங்கள் போதகருக்கு போன் செய்தேன். சண்டை போடத்தான் செய்தேன். அவர் பாவம், பதறிப்போனார். "நான் வந்த நாள்லேர்ந்து எல்லாச் சீட்டையும் மைக்குல வாசிச்சுத்தான் ஜெபிக்கேன். வாசிக்க வேண்டாம்னா சீட்டுலயே எழுதச் சொல்லி மொத வாரமே அறிவிச்சேன். உங்க அக்கா ஒருநாளும் அப்படி எழுதலையே" என்றார்.

மே மாசத்திலிருந்து நாலு மாசம். நீ மூன்றாவது பெஞ்சில் இருக்கிறாய். மைக் இருக்கிறது. நீ பொய் சொல்கிறவள் இல்லை.

போனை வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தேன். டவர் இல்லாத தெரு. தொண்டை கெட்டதாகச் சொல்லி விட்ட கொயர். பொங்கலுக்கு வந்தபோது அடுப்பைப் பார்த்துக்கொண்டு உன்னிடம் ஏதோ கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை, கோபம் என்று நினைத்துக்கொண்டேன். முகத்துக்கு முகம் பேசினால் எல்லாவற்றுக்கும் டக்கென்று பதில் சொல்வாய். மில்லில் பெண்கள் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகிவிடுவார்கள் என்று என் கட்டுரையில் எழுதியவள் நான். யாரைப் பார்த்து எழுதினேன் என்று இப்போது நினைத்தால் அழுகை வருகிறது.

அக்கா, உனக்குக் கேட்கவில்லை. எத்தனை நாளாக?

இன்னொன்று. ஜூன் மாசம் அத்தானைப் பற்றி ஏதாவது எழுதிப் போட்டாயா? போதகர் அதைச் சொல்லத் தயங்கினார்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
பிரிஸ்கில்லா


ராஜபாளையம்
27 செப்டம்பர் 2024

பிரிஸ்கில்லாவுக்கு,

சுகம்.

எனக்குக் காதில் ஒரு குறையும் இல்லை. வயசானால் எல்லாருக்கும் கொஞ்சம் மந்தம் வரும். உன் ஆராய்ச்சிக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் வேறு எங்காவது தேடிக்கொள்.

எங்கள் செக்‌ஷனில் ஆவுடையம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். தறிகெட்டு ஓடிய மெஷினை நிறுத்தச் சொல்லி மேஸ்திரி கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. டாக்டரிடம் காட்டு என்றார்கள், நம்பிக் காட்டினாள். பஞ்சுக் கழிவு அள்ளும் இடத்துக்கு மாற்றினார்கள். தீபாவளிக்கு முன்னால் வேலைக்கே வரவேண்டாம் என்றார்கள். இப்போது சேத்தூர்ப் பக்கம் களை எடுக்கப் போகிறாள், பின்னால் பைக் வந்தால் தெரியாது. இதெல்லாம் உன் கட்டுரையில் இருக்கிறதா?

கொஞ்ச நாளைக்கு எழுதவேண்டாம்.

ஹெப்சிபா


ஸ்ரீவில்லிபுத்தூர்
20 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதவேண்டாம் என்றாய். மூன்று வாரம் பொறுத்தேன், அதற்கு மேல் முடியவில்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று மாரிசெல்வி சொன்னாள்.

பொன்னுராஜ் சார் கையெழுத்துப் போடவில்லை. தினமும் ஒரு காரணம். பிரின்சிபால் யோசிக்கிறாராம். வேறு வழியில்லாமல் அறக்கட்டளைக்கே உள்ளதை உள்ளபடி எழுதினேன். மகாலட்சுமி என்று ஓர் அதிகாரி பதில் போட்டிருக்கிறார். கையெழுத்தைத் தராமல் இழுத்தடிப்பதும் தாங்கள் நீக்க நினைக்கும் தடைகளில் ஒன்றுதானாம். கல்லூரி சம்மதிக்காவிட்டால் மதுரையில் ஓர் ஆராய்ச்சி மையம் என்னை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதற்கு யாரைப் பற்றி ஆராய்கிறேனோ அவர்களில் இருபது பெண்கள் தங்கள் கையாலேயே சம்மதம் எழுதித் தரவேண்டும். நவம்பர் முடிவதற்குள்.

போன வாரம் உங்கள் மில் வாசலுக்கு வந்தேன். உனக்கு அன்று நைட் ஷிப்ட் என்று தெரிந்துகொண்டுதான் பகலில் வந்தேன். ஷிப்ட் விட்டுப் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். என் சம்மதத் தாளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். ஒரு அம்மா மட்டும் நின்று, "எங்களுக்குக் காது நல்லாத்தான் கேக்கு தங்கச்சி. நீ போ" என்றாள். தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி அவ்வளவு சத்தமாகச் சொன்னாள்.

ஆவுடையம்மாள் கதை என் கட்டுரையில் இல்லை. நீ சொன்னது சரிதான். நான் உன்னை எதுவும் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

பிரிஸ்கில்லா


ஸ்ரீவில்லிபுத்தூர்
10 நவம்பர் 2024

அக்காவுக்கு,

சுகம்தானே? மாரிசெல்வியின் பையைத் தினமும் நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டு அவளே இப்போது என் அறைப் பக்கம் வருவதில்லை. கூமாப்பட்டியிலிருந்து மில்லுக்கு வரும் ஒரு பெண் மட்டும் சம்மதம் தந்தாள். மறுநாள் வந்து அழுதுகொண்டே திருப்பி வாங்கிப் போய்விட்டாள். நானும் கொடுத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் இல்லை. பையன் கூப்பிட்டால் எரிந்து விழுகிறேன்.

நிதி போனால் போகட்டும் என்று ஒரு மனசு சொல்கிறது. இன்னொரு மனசு கேட்கவில்லை. நீ என்னோடு பேசாமல் இருக்காதே, அது மட்டும்தான் கேட்பது.

பிரிஸ்கில்லா


ராஜபாளையம்
24 நவம்பர் 2024

என் பிரியமுள்ள தங்கைக்கு,

கர்த்தர் உன்னையும் பையனையும் காக்கட்டும். அவனிடம் எரிந்து விழாதே. அவன் என்ன செய்தான்?

உன் முந்திய கடிதங்கள் எல்லாம் தலையணைக்கு அடியில்தான் இருந்தன. பதில் எழுத உட்காருவேன், கை வராது. ஜூன் மாசம் என்ன சீட்டுப் போட்டாய் என்று கேட்டாயே. 'என் கணவர் சாம்சன் குடியை விடவும், சம்பளத்தை ஒழுங்காக வீட்டில் கொடுக்கவும்.' அதுதான். அவரும் அன்றைக்கு ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரை உட்காரவைத்துக் கேட்டேன். முகத்தைத் திருப்பாமல் சொல்லுங்க என்று தாடையைப் பிடித்துக்கொண்டேன். "சபைக்கு முன்னால என் மானத்த வாங்கிட்டு நீ கல்லு மாதிரி உக்காந்திருந்தியே. வீம்புக்குத்தான் எழுதிப் போட்டிருக்கேன்னு நெனச்சேன்" என்றார். எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னேன். இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன். பிறகு அவர் அழுதார், நானும் அழுதேன். சீட்டில் கேட்டது பாதி கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள். குடி குறைந்திருக்கிறது, சம்பளம் இன்னும் ஒழுங்காக வரவில்லை.

மறுநாள் மில்லில் பேசினேன். அந்த இரைச்சலுக்குள் உதட்டை மட்டும் அசைத்துப் பேசினால் மேஸ்திரி பக்கத்திலேயே நின்றாலும் தெரியாது. ரகசியம் பேச அதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை. எனக்கு இடது காது போய்விட்டது, வலதும் போகிறது என்று சொன்னேன். பிறகு ஒருத்தி தன் காதைத் தொட்டுக் காட்டினாள். அடுத்து இன்னொருத்தி. வாசலில் உன்னைப் போகச் சொன்னாளே, வெள்ளைத்தாய், அவளும்தான். பத்து வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நிற்கிறோம். ஒருத்திக்கு ஒருத்தி மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

இருபத்தாறு பேர் எழுதித் தந்திருக்கிறார்கள். மாரிசெல்வியிடம் கொடுத்தனுப்புகிறேன். என்னுடையது மேலே இருக்கிறது. ஆனால் சும்மா இல்லை. எங்கள் பெயர் மில்லுக்குப் போகக்கூடாது என்று உன் மகாலட்சுமி அம்மா தமிழில் எழுதித் தரவேண்டும். சோதனை ஞாயிற்றுக்கிழமைதான் வைக்கவேண்டும், உன் கல்லூரியில் வேண்டாம், அந்த ஆள் மூஞ்சியில் நாங்கள் விழிக்கமாட்டோம். எங்கள் சபை ஹாலைப் போதகரிடம் கேட்டுவிட்டேன். அவரவர் சோதனை முடிவை முதலில் அவரவரிடம்தான் சொல்லவேண்டும். ஆவுடையம்மாளையும் சேர்க்கவேண்டும். அவள் இப்போது மில்லில் இல்லை என்று தள்ளிவிடாதே.

அன்புடன்,
ஹெப்சிபா


ஸ்ரீவில்லிபுத்தூர்
6 பிப்ரவரி 2025

என் உயிர் அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். பையன் இப்போது என்னிடம் எரிந்து விழுகிறான், கணக்கு சரியாகிவிட்டது.

நிதி கிடைத்துவிட்டது. என் பெயரிலேயே கிடைத்துவிட்டது. மகாலட்சுமி மேடம் போனில் சொன்னபோது வகுப்பு வராந்தாவில் நின்றிருந்தேன், எதிரே வந்த ஆபீஸ் உதவியாளர் சின்னக்கருப்பனிடம் எதற்கென்றே தெரியாமல் வணக்கம் சொன்னேன். நீங்கள் கேட்டதையெல்லாம் அவர்கள் எழுதித் தந்திருக்கிறார்கள், தமிழில்தான். ஆவுடையம்மாள் உண்டு. அவரைப்போல வேலையிலிருந்து நின்றவர்கள் இன்னும் யாராவது இருந்தாலும் சொல்லலாமாம். மார்ச் ஒன்பதாம் தேதி மதுரையிலிருந்து காது பரிசோதனை வேன் வரும்.

பொன்னுராஜ் சார் வீடு தேடி வந்து வாழ்த்தினார். ஆலோசகர் என்று தன் பெயரையும் சேர்க்கலாமே என்றார். "பாக்கலாம் சார்" என்றேன். கெட்ட புத்திதான், ஆனாலும் ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு குளிர்ந்தது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உன்னை நான் பரிசோதிக்கவேண்டாம். வேறு யாராவது செய்யட்டும். என்னால் பார்க்க முடியுமா என்று தெரியவில்லை.

உன்,
பிரிஸ்கில்லா


ராஜபாளையம்
9 மார்ச் 2025, மாலை

என் தங்கைக்கு,

ஸ்தோத்திரம். நீ பஸ் ஏறிப் போய் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். நேரில் நின்றபோது நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

காலை ஆராதனையில் போதகர் சீட்டுகளை வாசிக்கும்போது, உன் அத்தான் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து என் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தார். சபையே பார்த்தது. ஒவ்வொரு சீட்டையும் என் பக்கம் திரும்பி உதட்டை அசைத்துச் சொன்னார். நமக்காக நான் போட்ட சீட்டும் இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று நீ கேட்கவேண்டாம்.

மற்றவர்களையெல்லாம் சோதித்து முடித்தபிறகு, கடைசியாகத்தான் நான் போனேன். அந்த வேனுக்குள் கண்ணாடி வைத்த பெட்டி போன்ற சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்கவேண்டும் என்று மதுரை அம்மா சொன்னாள். கதவைச் சாத்தினாள். உள்ளே நல்ல அமைதி. எங்கள் சர்ச்சில் எனக்குக் கிடைக்குமே, அதே அமைதி. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எதையோ சரிசெய்கிறார்கள், இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன். பொறுமையாகவே இருந்தேன். பிறகு நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ நின்றாய். உன் முகத்தைப் பார்த்தபோதுதான் சத்தம் எப்போதோ ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

அழாதே. உன் ஆராய்ச்சியில் என்னை அக்கா என்று எழுதாதே, ஒன்றாம் எண் என்று எழுது. நன்றாக எழுது.

இனி எங்கள் தெருவில் டவர் இல்லை என்று சொல்லமாட்டேன். ஊறுகாய் பாட்டில் இன்னும் வரவில்லை. மாரிசெல்வியிடம் கொடுத்தனுப்பும்போது கூடவே நாலு வரி வை.

உன் அக்கா,
ஹெப்சிபா